ஏழு நாள் ஆறப்போட்ட பிரிட்ஜ்

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, அதிகாரிகளின் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் கதிரையும் அலுமாரியும் எடுத்தார்கள். துறைமுகக் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்த நான் ஒரு பிரிட்ஜ் எடுத்தேன். அது மாட்டு வண்டிலில் எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் வந்ததைப் பார்த்து, எனக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது, சீதனச் சாமான் வருகிறது என்று இரண்டு வீட்டில் நினைத்தார்களாம். கலியாணம் வரவில்லை. பிரிட்ஜ் இருபது வருடத்துக்கு மேல் என்னோடு இருந்தது.

இன்றைக்கு யாரும் பிரிட்ஜைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இன்னும் அது அதிசயம்தான். வெளியே கல் வெடிக்கிற வெயில்; ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கல்லாகிக் கிடக்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும். அம்மா கண்மூடி, அண்ணனும் கொழும்புக்கே போய்விட்ட பிறகு, நான் கந்தோரால் வந்து கதவைத் திறக்கும்போது எனக்காக விளக்குப் போட அந்த வீட்டில் வேறு ஆள் இருக்கவில்லை.

எனக்குத் தனிமைதான் பிடிக்கும் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதைப் பரப்பியவள் நான்தான். உண்மை என்னவென்றால், காரணம் இல்லாமல் இன்னொரு வீட்டுப் படி ஏற எனக்குத் தெரியாது. பிரிட்ஜ் வந்த பிறகு அந்தக் கவலை இல்லாமல் போனது. ஊரே என் வீட்டுப் படி ஏறியது. நோன்பு மாதத்தில் அந்தி சாய முன்னம் ஐஸ் வாங்கப் பிள்ளைகள் சட்டியோடு வரிசையில் நிற்பார்கள். கலியாண வீட்டு மாலை, காய்ச்சல்காரருக்குத் தோடம்பழச் சாறு, நிலாவெளியிலிருந்து வந்த பாரை மீன் எல்லாம் எனது பெட்டிக்குள்தான். வெள்ளிக்கிழமை நான் மரக்கறி. பெட்டிக்குள் ஊர் மீன். வாய் நிறைய முணுமுணுப்பேன். யாரும் வராத நாளில் இரண்டு தரம் வாசல் படலைக்குப் போய்ப் பார்ப்பேன்.

பிறகு வெளிநாட்டுச் சாமானுக்கு நாடு திறந்துவிடப்பட்டது. கடைகளில் புதுப் பிரிட்ஜுகள் வந்தன. ஒவ்வொரு வீடாக வாங்கினார்கள். ஒவ்வொரு சட்டியாக வராமல் போனது. கடைசியில் மிஞ்சியது பக்கத்து வீட்டு ராத்தாவின் இன்சுலின் போத்தல் மட்டும்.

ராத்தா என்றால் முஸ்லிம்களுக்கு அக்கா. இவர் கிண்ணியாவில் பிறந்து எங்கள் ஒழுங்கைக்குக் கலியாணம் முடித்து வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூப்பு. சீனி வருத்தம். காலை ஆறரைக்கு வருவார். போத்தலை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்து உருட்டுவார். என் குசினியில் இருந்தே தொடையில் ஊசி போடுவார். பிறகு இருவரும் சீனி போடாத தேநீர் குடிப்போம். எனக்குச் சீனி வருத்தம் இல்லை; ஆனாலும் போடுவதில்லை. ஒன்பது வருடம் இப்படி நடந்தது. பல நாட்களில், கந்தோர்க் கதையை விட்டால், நான் மனிதரோடு பேசியது அந்த அரை மணித்தியாலம்தான்.

ராத்தாவின் மகன் குவைத்துக்குப் போனான். ஒரு நாள் பின்னேரம் லொறி வந்து அவர் வாசலில் நின்றது. ஆளுயரப் பெட்டி. ராத்தா வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உங்களுக்குத்தானே பிரிட்ஜ் பழக்கம். வந்த கையோட இதப் போடலாமா?"

இறக்கி வைத்ததும் சில மணித்தியாலம் ஆற விடவேண்டும் என்று எனக்குத் தெரியும். வாய் வேறு சொன்னது.

"ஐயோ, ஏலாது ராத்தா. கப்பல்லயும் லொறியிலயும் குலுங்கி வந்த சாமான். ஏழு நாள் ஆறப்போட வேணும். இல்லாட்டிப் பழுதாப் போயிடும்."

ராத்தா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம், நீங்க சொன்னாச் சரிதான்" என்றார்.

அந்த ஏழு நாளும் நான் வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தேன். அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலமாக நீண்டது. அதில் இரண்டு நாள் கந்தோருக்குப் பிந்திப் போனேன். யாருக்கும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். மின்சாரம் நின்று பிரிட்ஜின் இரைச்சல் அடங்கும்போது எனக்குப் பயமாக இருக்கும் என்றுகூடச் சொன்னேன். ராத்தா கோப்பையை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

எட்டாம் நாள் காலை ஊசி போட்டு முடிந்ததும், போத்தலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு எழும்பினார்.

"வாங்க தங்கச்சி. உங்கட கையால வையுங்க."

போனேன். புதுப் பிரிட்ஜ் கூடத்து மூலையில் நின்றது. பிளக்கைத் தேடினேன், அது ஏற்கெனவே சுவரில் மாட்டியிருந்தது. கதவைத் திறந்தேன். விளக்கு எரிந்தது, முகத்தில் குளிர் அடித்தது. தட்டில் ஐஸ் கட்டியிருந்தது. கீழே பாதி வழித்துத் தின்ற எருமைத் தயிர்ச் சட்டி. பக்கத்தில் நாலைந்து நாளைக்கு முந்திய கறிகள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"லொறிக்காரன் நாலு மணித்தியாலம் எண்டுதான் சொன்னவன்" என்றார் ராத்தா, குரலை உயர்த்தாமல்.

"அப்ப ஏன் ராத்தா இவ்வளவு நாளும் அங்க வந்தனீங்க?"

"நீங்க ஏழு நாள் எண்டீங்களே."

நான் போத்தலை வாங்கி, கதவில் முட்டை வைக்கும் குழிக்குப் பக்கத்தில் வைத்துச் சாத்தினேன். "நீங்களும் வரலாம்தானே, வேலிதானே நடுவுல" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். போய்ப் பழகாதவள் எப்படிப் போவாள்? வேலிக்கு மேலால் சுகம் விசாரித்தோம், பெருநாளைக்குப் பலகாரம் வந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் ஆறரைக்குக் கை பழக்கத்தில் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன். ராத்தாவில் எனக்குக் கோபம் இல்லை, என்னில்தான் கோபம். ஏழு என்று சொன்னேன், ஏழு நாளும் வந்தார். எழுபது என்று சொல்லியிருந்தால், எழுபது நாளும் வந்திருப்பார்.