காலருக்குள் மூன்று புள்ளி

ஜப்பான்காரன் காலத்தில் காஜா பெராங் ஊரில் நான் டோபி. படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. ஆனால் துணிக் குறி படிப்பேன். காலருக்குள் மையால் நானே போடுகிற குறி. மூன்று புள்ளி, ஒரு கோடு என்றால் பத்திரிகைக்காரர் சட்டை.

அவர் ஜப்பான்காரன் நடத்திய தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதினார். ராணுவப் போலீஸ் அதிகாரிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். நாட்டுக்குச் சவுக்குதான் சட்டம் என்று எழுதுவார். துணிப் பஞ்சம். கோழி களவு போகும், மரவள்ளி போகும், கொடியில் காயும் வேட்டி போகும். ஒரு கோழி போனால் ஒரு திருட்டுக் கும்பலே வந்துபோனதாக அவர் எழுதுவார். ஊர் பயந்தது. பயந்தவர்கள் அவரைத்தான் கும்பிட்டார்கள். நானும்.

வாடிக்கைக்காரர் துணியை ஒருநாள் வாடகைக்கு விடுவது எங்கள் தொழிலில் உண்டு. வெளியே சொல்வதில்லை. பக்கத்து ஊர் செமாபோக்கிலிருந்து ஒரு மாட்டுவண்டிக்காரர் வந்தார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க உஜோங் பாசிர் போக வேண்டும். இடுப்பில் சாக்குதான். பத்திரிகைக்காரர் சட்டை தேய்த்துக் கிடந்தது. கொடுத்தேன்.

மறுநாள் சட்டையைத் திருப்பிக் கொடுக்க அதைப் போட்டபடியே வந்தவரைச் சாலை முனைக் காவல் கொட்டகையில் பத்திரிகைக்காரர் பார்த்துவிட்டார். எனக்கு ஆள் வந்தது. போனேன். கூட்டம்.

“டோபி, குறியப் பாத்துச் சொல்லு. யாரு சட்டை?”

“ஒங்களுதுதாங்க.”

“சாக்கு கட்டுறவனுக்கு வெள்ளச் சட்டை கேக்குதோ?” என்றார் காப்பிக்கடைக்காரர். சிரித்தார்கள்.

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். “அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே.”

பத்திரிகைக்காரர் என் பக்கம் திரும்பினார். “என்னடா? நீ குடுத்தியா?”

கொடுத்தேன் என்றால் நான்தான் திருடன்.

“இல்லைங்க. கொடியில காஞ்சிச்சி. காணோம்.”

காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய் தடியை எடுத்தான். பத்திரிகைக்காரர் அவனிடம் மலாய் மொழியில் சொன்னார், சட்டையைக் கழற்றிவிட்டு அடிக்கட்டும், கறை படியும் என்று. கழற்றினார்கள்.

பிறகு அந்த வழியே போகிறவர்கள் ஆளுக்கு ஓர் அடி அடிக்க வேண்டும் என்று உத்தரவு. வரிசை நின்றது. என் முறை வந்தது. மெதுவாக அடித்தால் தடி நம் மேல் திரும்பும். பலமாகத்தான் அடித்தேன். சாயங்காலம் வண்டிக்காரரை லாரியில் தெங்கேரா பக்கம் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை.

சட்டை சலவைக்கு வந்தது. கறை இல்லை. வேர்வைதான்.

திருட்டுக் கும்பலின் தலைவன் பிடிபட்டான், டோபி ஒருவர் துப்புக் கொடுத்தார் என்று பத்திரிகையில் வந்தது. காப்பிக்கடையில் எனக்கு ஒரு கோப்பை சும்மா கொடுத்தார்கள். குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து வண்டிக்காரர் மனைவி வந்தார். கடை வாசலிலேயே நின்றார்.

“கூட்டாளி குடுத்த சட்டைன்னு சொன்னாருண்ணே. யாருன்னு எங்கிட்டகூடச் சொல்லல. மாப்பிள வீட்டுல வேணாம்னுட்டாங்க. பேப்பர்ல திருடன்னு போட்டிருக்காம். அவரு திருடினாராண்ணே?”

“பேப்பர்ல போட்டா சரியாத்தாம்மா இருக்கும்.”

தலையை ஆட்டினார். போனார்.