அத்தையின் மீன்தொட்டி ஆரல்வாய்மொழி போன கதை

என் அத்தை, அப்பாவின் தங்கை, வளைகுடாவில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது நகையைவிட அதிகமாக மீன் வளர்க்கும் சாமான்களைக் கொண்டுவந்தாள். கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டு முன்னறையில் கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. அதில் கடல்நீர், பாறைத்துண்டுகள், பூப்போல விரியும் ஊதாப் பவளங்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். வலை வலையாக மீன் வந்து இறங்கும் ஊரில், குழம்பு வைக்க முடியாத மீனுக்கு ஒருத்தி தீனி போடுவதை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களும் தொட்டியைப் பார்த்தார்கள். அதை இங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்றார்கள். அத்தை அவர்களையே விட்டுவிட்டாள். வீட்டில் எல்லோரும் கல்யாணப் பேச்சை நிறுத்தியிருந்த நேரத்தில்தான் ஆரல்வாய்மொழியிலிருந்து ஒருவர் வந்தார். காற்றாலையில் எலெக்ட்ரீஷியன். காபியைக் குடித்து முடித்தார். எழுந்திருக்கும்போது தொட்டியைக் காட்டி, "இதுல எவ்வளவு தண்ணி புடிக்கும்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் அவர் எனக்கு மாமாவானார்.

கல்யாணம் முடிந்த சில நாட்களில் தொட்டியை எடுத்துப்போக இருவரும் மினி லாரியில் வந்தார்கள். இன்னும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களைப் போலத்தான் பேசிக்கொண்டார்கள். அத்தை தொட்டிநீரைக் கேன்களில் பிடித்தாள். பாறைகளையும் பவளங்களையும் தெர்மாகோல் பெட்டிகளில் நீருக்குள் அமிழ்த்தி வைத்தாள். மீன்களை வாளியில் விட்டு, காற்று கொடுக்கும் பேட்டரி பம்பின் குழாயை உள்ளே செருகினாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் லாரியில் ஏறிக்கொண்டேன்.

அம்மா என் காதில், "ஏட்டி, மீனுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒனக்க அத்த திரும்பி இஞ்ச வந்துருவா, பாத்துக்கோ" என்றாள். வழியில் வடசேரி நெரிசலில் லாரி குலுங்கியபோதெல்லாம் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மாமா வீட்டைச் சுற்றிலும் காற்றாலைகள் மும்முரமாகச் சுழன்றுகொண்டிருந்தன. வீட்டில் கரண்ட் இல்லை. வாளியைத் திறந்தால் குமிழிகளும் இல்லை. பம்பின் பேட்டரி தீர்ந்திருந்தது. மாற்றுப் பேட்டரி எங்கள் வீட்டு ஜன்னலிலேயே தங்கிவிட்டது. பக்கத்துக் கடைகள் பூட்டியிருந்தன. மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. எத்தனையோ நோயாளிகளைப் பார்த்த அத்தை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"காத்து தானே வேணும்?" என்று கேட்ட மாமா, சட்டைக் கையை மடித்துவிட்டு, குளியலறை மக்கோடு வந்தார்.

"ஐயோ, அதுல சோப்பு இருக்கும்!" என்றாள் அத்தை.

கல்யாணத்துக்கு வந்த புது எவர்சில்வர் செம்பு ஒன்றை மாமா பிரித்தார். வாசல் தரையில் உட்கார்ந்து, வாளிநீரை மொண்டு, உயரத் தூக்கி, மெல்ல ஊற்றினார். குமிழிகள் கிளம்பின. மறுபடி மொண்டார்.

மாமாவின் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "எலே, புது மாப்பிள்ள ஒக்காருக எடமா இது? புதுப் பொண்ண பாக்க ஆளுவ வருகாவ."

"விட்டா செத்துப் போவும்மா. இதும் அவகூட வந்ததுதானே" என்றார் மாமா, ஊற்றிக்கொண்டே.

ஆட்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், மாப்பிள்ளையை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் நிறுத்தவில்லை. அத்தை எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"கை கடுக்குதா? தாங்க, நான் ஊத்துகேன்."

"கடுக்கல்ல. இதுகளுக்குப் பேரு என்ன?"

"பேரு வைக்கல்ல."

"இவ்வளவு நாளும் சும்மா மீனுன்னா கூப்பிட்ட?"

அத்தை சிரித்தாள். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சு ஓயவேயில்லை. காற்றாலை உச்சியில் ஏறினால் தனக்கு இன்னமும் கால் நடுங்கும் என்று மாமா சொன்னார். அத்தை, வெளிநாட்டில் முதல் மாதம் முழுக்கத் தலையணையில் முகம் புதைத்து அழுததைச் சொன்னாள். மீன்கள் தெளிந்து வாளியின் அடிக்கு இறங்கின. எனக்கோ ஒரே சலிப்பு. யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

சாயங்காலம் விளக்கு பளிச்சென்று எரிந்தது. பம்புகளை மாட்ட வேண்டும், தொட்டியில் நீர் நிரப்ப வேண்டும், எத்தனை வேலை கிடந்தது! "அத்தே, கரண்ட் வந்தாச்சு!" என்று கத்தினேன். இருவரும் எழுந்திருக்கவில்லை. மாமா இன்னொரு செம்பு மொண்டார். அத்தை வாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொடுத்தாள்.

இரண்டு பேருக்கும் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அருகில் போய் இன்னும் உரக்கக் கத்தினேன்.