மைனஸ் இருபத்து நான்கு

எங்கள் தையல் ஃபேக்டரியில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் குட்டிக் கத்தரியால் வந்த பெயர். செக்கிங் மேசையில் பதினோரு வருடமாக எனக்கு இடது பக்கம் நிற்கிறாள். தைத்து வரும் சட்டையில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. தையல் விட்டுப்போயிருந்தால் தைத்தவளுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். வெறும் பிசிர் நீட்டிக்கொண்டிருந்தால் நாங்களே வெட்டிவிட்டு முத்திரை குத்திவிடலாம்.

கத்தரிக்கு எதையும் திருப்பி அனுப்ப மனசு வராது. அனுப்பினால் யாரோ ஒருத்தி திட்டு வாங்குவாளே என்று, விட்டுப்போன தையலைத் தானே ஊசியில் போட்டு, பிசிரோடு பிசிராகத் தள்ளிவிடுவாள். அந்தச் சட்டை என்ன உன் மாமன் மகனா, இத்தனை பரிவு எதற்கு என்று கேலி செய்வேன். சிரிப்பாளே தவிர மாறமாட்டாள். நல்ல குணம்தான். அந்த நல்ல குணம்தான் அவளைக் கவிழ்த்தது.

அவளுக்கு ஒரே மகள், ஒன்பது வயது, வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் தலை காட்டினால் அதிகம். போன வருடம் குட்டியைப் புதுப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே வருடத்தின் ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று முறை கம்ப்யூட்டரில் ஒரு டெஸ்ட். பாஸ், ஃபெயில் கிடையாது, ஒரு எண் மட்டும் வரும். அடுத்த டெஸ்டில் அந்த எண் எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் பிள்ளையின் வளர்ச்சியாம்.

முதல் டெஸ்டின்போது பள்ளியில் கம்ப்யூட்டர் அறை தயாராகவில்லை. வீட்டிலேயே எழுதுங்கள், உதவி எதுவும் செய்யவில்லை என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார்கள். பழகிக்கொள்ள முதல் நாள் ஒரு மாதிரி டெஸ்ட், அதன் எண் பள்ளிக்குப் போகாது. குட்டி தனியாக எழுதினாள், நூற்று ஐம்பத்தெட்டு வந்தது. கத்தரிக்குப் பகீரென்றது. மறுநாள் நிஜ டெஸ்டுக்கு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். விடை சொல்லவில்லை. குட்டியின் விரல் தப்பான விடைப் பக்கம் போகும்போது லேசாகத் தொண்டையைச் செருமினாள், அவ்வளவுதான். விரல் தானாக நகர்ந்துவிட்டது. எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

குட்டியை மேல் பிரிவில் போட்டார்கள். அப்பாக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. எண் அச்சடித்து வந்த தாளை லாரியின் முன் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, வண்டியை நிறுத்திய இடத்திலெல்லாம் மகள் புராணம் பாடினார். எங்கே மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில், அதற்குப் பிறகு குட்டி எதைப் படித்துக் காட்டினாலும் கத்தரி இன்னும் போதாது என்றே சொல்லிவந்தாள்.

அரை வருடம் கழித்து இரண்டாவது டெஸ்ட். இந்த முறை பள்ளியில், தனியாக. நூற்று எண்பத்தெட்டு.

இந்த டெஸ்டின் தாளைச் சாப்பாட்டு இடைவேளையில் செக்கிங் மேசையில் விரித்துவைத்து நாங்கள் நாலு பேர் உற்றுப் பார்த்தோம். சிவப்புக் கோடு ஒன்று மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. சூப்பர்வைசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வளர்ச்சி மைனஸ் இருபத்து நான்கு என்று படித்துச் சொன்னார். பிள்ளை எப்படி மைனஸில் வளரும், துவைத்தால் சுருங்குவதற்கு அது என்ன பருத்தித் துணியா என்று நான்தான் வாய்க்கொழுப்பில் கேட்டுவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். கத்தரி மட்டும் தாளை மடித்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் எல்லாவற்றையும் சொன்னாள்.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை, கணக்குத்தான் வந்தது. நூற்று ஐம்பத்தெட்டிலிருந்து நூற்று எண்பத்தெட்டு. முப்பது. இந்த வயதுக்கு அரை வருடத்தில் பன்னிரண்டு ஏறினாலே போதும் என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருந்தது. தன்னைவிட வேகமாக ஓடுகிற பிள்ளைகள் நடுவே மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கப் பின்னால் ஓடியே அந்தக் குழந்தை முப்பது ஏறியிருக்கிறது. அதைத் தாங்கிப் பிடித்துக் கொண்டாட வேண்டியவள் குழாயடியில் நின்று அழுகிறாள். அப்போதுதான் கோபம் வந்தது.

"போய் உண்மையைச் சொல்லித் தொலையேன்டி" என்றேன்.

அவள் பையிலிருந்து முதல் டெஸ்டின் படிவ நகலை எடுத்துக் காட்டினாள். உதவி செய்தது தெரிந்தால் மாணவி மேல் பிரிவிலிருந்து நீக்கப்படுவாள், அந்தக் குறிப்பு பள்ளி முடியும்வரை அவளுடைய ஃபைலில் இருக்கும் என்று போட்டிருந்தது. கீழே இவள் கையெழுத்து. சொன்னால் பிள்ளை திருட்டுப் பிள்ளை, சொல்லாவிட்டால் மக்குப் பிள்ளை. இதற்குள் அப்பா ஃபோனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார், விளையாடி விளையாடித்தான் மூளை மழுங்கிவிட்டதாம், இனி மாலையில் வாசல் தாண்டக் கூடாதாம். கத்தரியால் அதைக்கூடத் தடுக்க முடியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், கொட்டியது மகளை என்பது மட்டும் வித்தியாசம்.

பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். புருஷன் வெளியூரில் இருந்ததால் பெரியம்மா என்று சொல்லிக்கொண்டு நான் கூடப் போனேன். பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, இருவரும் உட்கார்ந்தோம். குட்டி அம்மாவை ஒட்டி நின்றாள். டீச்சர் சின்னப் பெண், தங்கமானவள். கத்துகிற டீச்சராக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இவ்வளவு இறங்கியிருக்குன்னா ஏதாவது காரணம் இருக்கும். வீட்டுல பிரச்சனை ஏதாச்சும்? குறை சொல்லக் கேக்கலைங்க, உதவி பண்ணத்தான் கேக்கறேன்."

கத்தரி வாயைத் திறந்தாள். வார்த்தை உதடு வரைக்கும் வந்துவிட்டது, நான் பார்த்தேன். அதற்குள் மேசையில் கிடந்த ஃபைல் அவள் கண்ணில் பட்டது. மேலே குட்டியின் ஃபோட்டோ. வாய் மூடிக்கொண்டது. நானாவது சொல்லியிருக்கலாம். பதினோரு வருடம் வாயாடி என்று பேர் வாங்கியவள், அன்றைக்குச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

டீச்சர் குட்டியிடம் குனிந்தாள். "நீ சொல்லுடா கண்ணு. மொத டெஸ்ட் அவ்வளவு நல்லா பண்ணியிருக்கியே, இப்ப என்னாச்சு?"

குட்டி அம்மா பக்கம் திரும்பவே இல்லை. "அப்ப நல்லா படிச்சேன் மிஸ். இப்ப சோம்பேறி ஆயிட்டேன்."

திக்கல் இல்லை, திணறல் இல்லை. வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறது அந்தப் பிள்ளை. டீச்சர் பெருமூச்சு விட்டுவிட்டு எழுதினாள்: முயற்சி குறைவு, மாணவியே ஒப்புக்கொள்கிறாள். அடுத்த வாரத் தொடக்கத்திலிருந்து மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளின் வகுப்பு. கீழே பெற்றோர் கையெழுத்து. கத்தரி போட்டாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். குட்டிதான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நான் சொன்னது சரிதானே?"

கத்தரி பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு, "சரிதான்டா தங்கம்" என்றாள்.

அரை வருடமாக அம்மாவிடம் எதற்கும் சரி வாங்காத பிள்ளை, அதைக் கேட்டுச் சிரித்தது.