தெற்கு பார்த்த சறுக்குமரம்

மூன்று மணிக்கு அந்த எவர்சில்வர் தகட்டில் உள்ளங்கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். தோசை ஊற்றுகிற பக்குவத்தில் காய்ந்திருந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் ஒரு குழந்தையை இதன் மேலே உட்கார வைத்துச் சறுக்கவிட்டுப் படம் எடுக்கப்போகிறார்கள். அன்றைக்குப் பூங்கா திறப்பு விழா. அதற்கு வரைபடம் போட்டவள் நான்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் முப்பது சென்ட் காலி இடம் கிடந்தது. மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் ஒருவர் தன் அம்மா நினைவாக அங்கே பூங்கா கட்டித்தர முன்வந்தார். அரூரிலிருந்தும் ஏரியூரிலிருந்தும் ஆஸ்பத்திரிக்கும் துணிக்கடைக்கும் வருகிற குடும்பங்கள் பிள்ளைகளோடு உட்கார இந்த ஊரில் டீக்கடை பெஞ்சை விட்டால் என்ன இருக்கிறது? நானே ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டுத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு என் மகளுக்குப் பால் கொடுத்தவள். அந்த ஆத்திரத்தோடுதான் வரைந்தேன். எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் பிள்ளைகள் விளையாடுவது கண்ணில் படவேண்டும். கேட்டின் தாழ்ப்பாள் பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது. பால் கொடுக்கக் கதவு வைத்த ஒரு சின்ன அறை. அங்கே ஏற்கெனவே நின்ற பெரிய புங்கமரத்தைச் சுற்றி ஊஞ்சல், சீசா எல்லாம். சறுக்குமரம் அந்த நிழலுக்குள், தெற்கு பார்த்து.

தெற்கு என்றதும் ஆலைக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அது எமன் திசைங்க மேடம். புள்ளைங்க அந்தப் பக்கமா சறுக்கிட்டுப் போறதாங்க?"

நான் இன்ஜினியரிங் படித்தவள்தான். ஆனால் தெற்கு வாசல் மனை என்றால் நானே வேண்டாம் என்பேன். மகள் தூக்கத்தில் வடக்கே தலை திருப்பினால் எழுந்து சரிசெய்துவிட்டுத்தான் படுப்பேன். சறுக்குமரத்துக்கும் இதெல்லாம் உண்டு என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை, அவ்வளவுதான். அவர் சொன்னதும் பயம் பிடித்துக்கொண்டது. நாளைக்கு ஒரு பிள்ளை விழுந்து கையை உடைத்துக்கொண்டால் ஊர் யாரைக் கேட்கும்? கிழக்கே காம்பவுண்டுச் சுவர், வடக்கே தண்ணீர்த் தொட்டி. மிச்சம் இருந்தது மேற்கு. அங்கேயே மேற்கே திருப்பினால் ஊஞ்சலில் இடிக்கும் என்று மரத்தைவிட்டு வெளியே இழுத்து, கேட்டைப் பார்த்த மாதிரி வைத்தேன். சாயங்கால வெயில் நேராகத் தகட்டில் அடிக்கும் என்பது பென்சிலைப் பிடித்திருந்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.

விழா வைத்தது சித்திரை மாதத்து வியாழக்கிழமை. ராகு காலம் மூன்று மணிக்குத்தான் முடிகிறது என்று மூன்று பத்துக்கு நேரம் குறித்திருந்தார்கள். முதலில் சறுக்கப்போவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற அக்காவின் மகள். ஆறு மாதமாக வேகாத வெயிலில் அந்தச் செடிகளைப் பிழைக்க வைத்தது அந்த அக்காதான். "பாடுபட்டவங்க வூட்டுப் புள்ள மொதல்ல ஏறட்டும்" என்று ஆலைக்காரரே சொல்லியிருந்தார். நல்ல மனசுதான், குறை சொல்லமாட்டேன். அந்தக் குழந்தைக்கும் என் மகளுக்கும் ஐந்து வயது. இரண்டும் காலையிலிருந்து ஒரே ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தன.

ஆலைக்காரரிடம் ஓடினேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "சாக்க நனச்சுப் போட்டு வையுங்க, ஆறிப்போகும்" என்றார். நானும் அக்காவும் கோணிச்சாக்குகளை நனைத்துத் தகட்டில் பரப்பினோம். அவள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகாதுங்களே மேடம்?"

"ஒண்ணும் ஆகாதுக்கா."

அப்படித்தான் சொன்னேன்.

சிறப்பு விருந்தினர் வந்து இறங்கும்போது மணி மூன்று ஐம்பது. போட்டோகிராபர் வந்து சாக்குகளை உருவி எறிந்தார். அதற்குப்பிறகு ரிப்பன், கல்வெட்டு, சால்வை, பேச்சு. என் கண் தகட்டைவிட்டு நகரவில்லை. ஈரம் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்து, பேச்சு பாதியில் இருக்கும்போது மொத்தமாக மறைந்துபோனது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் முன்னால், உன் வேலையில் நீயே குற்றம் சொல்வாயா என்று ஒரு மனசு. குழந்தை ஒரு நொடியில் சறுக்கி இறங்கிவிடும், ஒரு நொடியில் என்ன ஆகிவிடும் என்று இன்னொரு மனசு. வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

சறுக்குமரத்துக்குப் பூசை போட்டுச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அதனால் அக்கா தன் மகளின் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏணியில் ஏற்றினாள். குழந்தை உச்சியில் உட்கார்ந்து காலை நீட்டியது. உடனே ஒரு காலைத் தூக்கியது. அதை வைத்துவிட்டு மற்றதைத் தூக்கியது. முகத்தைப் பாவாடையில் புதைத்துக்கொண்டது.

"கூச்சப்படுது" என்று போட்டோகிராபர் சிரித்தார். "பாப்பா, இங்க பாரு. அங்கிளப் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அது கூச்சம் இல்லை என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். போட்டோகிராபர் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேமராவை இறக்கினார்.

"வேற புள்ளய ஏத்துங்க சார்."

அக்கா தன் மகளைத் தூக்கி இறக்கிக்கொண்டு போனாள். ஆலைக்காரர் சுற்றிலும் பார்த்தார். "அட, நம்ம மேடம் பொண்ணு இருக்குதே. நல்ல சிரிச்ச மொகம். வா கண்ணு, வா."

என் மகள் துள்ளிக்கொண்டு ஏணிக்கு ஓடினாள். முதல் படியில் கால் வைத்திருப்பாள்.

"வேண்டாம், ஏத்தாதீங்க. தகடு கொதிக்குது" என்று கத்தினேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மைக் நின்றது. சிறப்பு விருந்தினர் குனிந்து தகட்டில் கையை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஆலைக்காரர் முகம் செத்துப்போனது. அப்புறம் யாரோ பலூன்களைக் கொண்டுவர, அவற்றைப் பறக்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு விழாவை முடித்தார்கள். கிளம்பும்போது ஆலைக்காரர் என்னிடம் வந்து, "எமனோ எவனோ, நெழலுக்கே கொண்டு போயிருங்க. நல்ல வேளை, மேடம் சமயத்துல சொன்னீங்க" என்றார். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அக்காவைத் தேடினேன். தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து, மகளை மடியில் கிடத்தி, அவள் பாதங்களில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பாதங்களும் சிவந்திருந்தன. ஒரு குதிகாலில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. என் மகள் என் கையைப் பிடித்தபடி அதையே பார்த்தாள்.

அக்கா நிமிர்ந்தாள். கோபம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எம் புள்ள மேல உக்காந்திருந்தப்ப ஏங்க மேடம் சொல்லல?"