இசக்கித்துரை பிடித்துக் கொடுத்த அறை

சங்கரன்கோவிலில் குடும்பத்தோடு டூர் கிளம்புகிறவர்கள் முதலில் துணிமணி எடுப்பார்கள், அடுத்து இசக்கித்துரையைப் பார்ப்பார்கள். கோவிலுக்குச் சற்றுத் தள்ளி, கார் ஸ்டாண்டில் அவருடைய மஞ்சள் போர்டு இன்னோவா நிற்கும். "அண்ணாச்சி, கடலும் பாக்கணும், மலையும் பாக்கணும்" என்று யாராவது ஆரம்பித்தால் போதும். திருச்செந்தூர், கன்னியாகுமரி, வர்க்கலா, அங்கிருந்து மலையேறி வாகமன், குமுளி, கம்பம் வழியாக இறங்கி ஊர் என்று மடமடவென ஒப்பிப்பார். எந்த லாட்ஜில் வெந்நீர் ஒழுங்காக வரும், எங்கே ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாடை அடிக்கும், எந்த மலை ஓட்டலில் கம்பளியைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"ரூமை முன்னாலயே போட்டுருங்க. அங்கன போய்ப் பாத்துக்கிடலாம்னு மட்டும் வராதிய." காரை வாடகைக்கு எடுத்த எந்தப் பார்ட்டியிடமும் இதை அவர் சொல்லாமல் விட்டதில்லை.

ஒன்று மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. அந்த அறைகளில் ஒன்றில்கூட அவர் படுத்ததில்லை. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வாசலோடு திரும்புகிறவர். பார்ட்டியைக் கூட்டிவரும் டிரைவருக்கு லாட்ஜின் பின்புறம் ஒரு ஹால் உண்டு. பாய் தருவார்கள், சமையல்கட்டு வாசலில் சாப்பாடு போடுவார்கள், எல்லாம் இலவசம். அதை அவர் கேவலமாக நினைத்ததே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து மனைவி சண்முகசுந்தரியிடம் பேசும்போது மட்டும், பஞ்சு மெத்தையில் புரண்டு எழுந்து, மலை தெரியும் ஜன்னலோரம் காப்பி குடித்துவிட்டு வந்தவர் மாதிரி பேசுவார்.

அவளும் வாயைப் பிளந்து கேட்பாள். பொங்கல் லீவு, தீபாவளி லீவு, மே மாசம் என்று ஊரே வீட்டில் கூடியிருக்கும் நாட்களில் எல்லாம் அவள் புருஷன் யார் குடும்பத்தையோ ஏற்றிக்கொண்டு மலை இறங்கிக்கொண்டிருப்பார். மகள் தேன்மொழி பிறந்ததே அவர் வாகமனில் இருந்தபோதுதான். மகளும் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். வீட்டில் சுந்தரியும் டிவியும்தான் மிச்சம்.

"ஒரே ஒரு தடவ நாம ரெண்டு பேரும் போவோம்" என்று ஒருநாள் கேட்டாள். "அந்தச் சன்னல்கிட்ட உக்காந்து சேந்து காப்பி குடிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

இசக்கித்துரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கன்னியாகுமரியில் அவர் வழக்கமாகப் பார்ட்டியை இறக்கும் லாட்ஜ் மேனேஜர் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார், "ஒருக்கா வீட்டோட வாங்க அண்ணாச்சி, கடல் பாத்த ரூம் ஒங்களுக்குத்தான்." வருஷக்கணக்காகச் சொன்ன சொல். ஊருக்கெல்லாம் முன்பதிவு உபதேசம் செய்த மனுஷன், அந்த ஒரு வாய்ச்சொல்லை நம்பி, ஒரு போன்கூடப் போடாமல் கிளம்பினார். மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கு யாராவது டோக்கன் வாங்குவார்களா என்று அவர் நினைப்பு.

சுந்தரி மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையை உடுத்திக்கொண்டாள். கார் பனவடலிசத்திரம் தாண்டுவதற்குள், டூர் போவதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்த கதையைச் சொல்லிச் சிரித்தாள்.

மேனேஜர் வாய் நிறைய வரவேற்றார். "வாங்க வாங்க அண்ணாச்சி! பார்ட்டி எத்தனை பேரு?"

"பார்ட்டி இல்ல. நானும் வீட்டுக்காரியும்தான்."

மேனேஜர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பதிவேட்டைத் திறக்காமலே உதட்டைப் பிதுக்கினார். "சீசன் பாருங்க, எல்லாம் ஃபுல்லு. ஒண்ணு செய்யலாம். நீங்க நம்ம ஹால்ல படுத்துக்கிடுங்க. அவங்கள பாத்திரம் கழுவுத அம்மா கூட விட்டுரலாம், ஒரு ராத்திரிதானே."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திருச்சிக் குடும்பம் ஒன்று உள்ளே வந்து கேட்டு, சாவி வாங்கிக்கொண்டு மாடியேறியது. சுந்தரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இசக்கித்துரை சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அடுத்த வாரம் இதே மேனேஜரிடம்தான் அடுத்த பார்ட்டியைக் கொண்டுவர வேண்டும். "பரவால்ல அண்ணாச்சி" என்று பல்லைக் காட்டிவிட்டு வெளியே வந்தார். அதை நினைத்தால் கதை சொல்லுகிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றைய ராத்திரி காருக்குள்ளேயே கழிந்தது. மறுநாள் வர்க்கலாவில் வேறு மாதிரி அடி. லாட்ஜில் இருந்த பையன் மஞ்சள் போர்டையும் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஆதார் கேட்டான். சுந்தரியின் அட்டையில் இன்னும் அப்பா பெயரும் சிவகிரி விலாசமும்தான் இருந்தன. மாற்றுவதற்கு அவளோடு ஒருநாள் அலுவலகம் போக இவருக்கு எப்போதுதான் ஒழிந்தது?

"டிரைவர்மார் இப்படிக் கூட்டிட்டு வர்றது எங்களுக்குத் தெரியாததா?" என்றான் பையன், சிரித்தபடி.

மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவள் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு தானாகத் திரும்பி நடந்து காரில் ஏறிக்கொண்டாள். வாகமனில் அவர் நிறுத்தவே இல்லை. குமுளிக்கு வரும்போது தூறல் விழுந்துகொண்டிருந்தது, சுந்தரி கண்ணாடியில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

குமுளியில் இதுவரை போகாத ஓட்டலாகப் பார்த்து நிறுத்தினார், அங்கே அவரை யாருக்கும் தெரியாது. இரண்டு இடத்தில் பட்டது போதும் என்றிருந்தது அவருக்கு. "பார்ட்டி எங்கே?" என்று ஓட்டல்காரர் கேட்டதும் அவர் வாயில் பட்டென்று வந்துவிட்டது.

"கார்ல இருக்காங்க. மேடம் ஒருத்தங்கதான். குடும்பம் பின்னால வருது."

அவ்வளவுதான், காரியம் கனிந்துவிட்டது. குடை பிடித்துக்கொண்டு ஆள் ஓடினான். "வாங்க மேடம்" என்று சுந்தரியை உள்ளே அழைத்தார்கள். சிவகிரி விலாசமும் அப்பா பெயரும் இங்கே வசதியாகப் போயிற்று. மாடியில், மலையைப் பார்த்த அறை. வெள்ளை விரிப்பு, பெரிய ஜன்னல், அதன் கீழே இரண்டு பிரம்பு நாற்காலி. இசக்கித்துரை பெட்டியைத் தூக்கிவந்து உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஊரையே ஏமாற்றிவிட்ட பெருமை அவர் முகத்தில்.

"எப்படி வேலை?" என்றார் தணிந்த குரலில். "ஒண்ணும் பேசிராத. நீ என் வண்டியில வந்த பார்ட்டி. நான் கீழ டிரைவர் ஹால்ல இருக்கேன்."

"நீங்க இங்கன இருக்க மாட்டியளா?"

"இருந்தா அவனுக்குத் தெரிஞ்சு போவும்லா."

சுந்தரி நாற்காலிகளைப் பார்த்தாள். "நான் ரூம் வேணும்னா கேட்டேன்?"

"பின்ன எதுக்குட்டி இவ்வளவு தூரம் வந்தோம்? நல்ல ரூம் புடிச்சுக் குடுத்தா அதுக்கும் மூஞ்சியத் தூக்குதே."

"அங்கன ரெண்டு எடத்துலயும் நம்மள புருஷன் பொண்டாட்டியா மதிக்கல. அவனுவள விடுங்க, அவனுவ யாரோ. நீங்களும் அதைத்தான செஞ்சிட்டு வந்திருக்கிய?"

அதற்குள் வெளியே காலடிச் சத்தம். டீ கொண்டுவரும் ஆள். இசக்கித்துரை சட்டென்று கதவைத் திறந்து, நிமிர்ந்து நின்று, வழக்கமான குரலில் சொன்னார், "வாரேன் மேடம்."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். கீழே ஹாலில் தெரிந்த டிரைவர் ஒருவர் கிடைத்தார், நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகவே தூங்கினார். காலையில் அவளைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் நல்ல அறை கிடைத்த எந்தப் பார்ட்டியும் காலையில் கோபமாக இறங்கி வந்ததில்லை.

காலையில் அவள் குளித்துப் பளிச்சென்று இறங்கி வந்தாள். காப்பி ஆயிற்றா என்று ஓட்டல்காரர் விசாரித்தார். "ஆச்சு. சன்னல்கிட்ட உக்காந்து குடிச்சேன்" என்றாள். பிறகு இசக்கித்துரையைப் பார்க்காமலே, "டிரைவர வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஓட்டல்காரர் ஓடிவந்து பின்கதவைத் திறந்துவிட்டார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மலை இறங்கிக் கம்பம் வந்ததும் இசக்கித்துரை காரை ஓரங்கட்டினார்.

"வெளையாட்டு போதும் சுந்தரி, முன்னால வா."

அவள் ஜன்னலுக்கு வெளியே திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்தில் டீ வாங்கிவந்து நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தேங்க்ஸ்" என்றாள். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினார். கையைப் பிடித்துக் கெஞ்சலாம் என்றால் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தாள்.

தெருவில் கார் நின்றதும் எதிர்வீட்டு யோகலட்சுமி ஓடிவந்தாள். "வந்துட்டியளா மதினி! ரூமெல்லாம் எப்படி இருந்துச்சு?"

சுந்தரி இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். "ரூம் அருமையா இருந்துச்சு. டிரைவரும் நல்ல மனுஷன். ஒரு தொந்தரவு கெடையாது."

யோகலட்சுமி வேடிக்கை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். சுந்தரி வீட்டைத் திறந்து உள்ளே போனாள். இசக்கித்துரை டிக்கியிலிருந்து பெட்டியை இறக்கிக் கொண்டுபோனார். வாசலில் வைத்துவிட்டு, உள்ளே போகலாமா என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.