மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒவ்வோர் அறைக் கதவும் ஒவ்வொரு மாதிரி. மறதி நோய் கண்டவர்கள் இருக்கும் இடம் அது. ஒருவருக்குப் பச்சைப் பலகைக் கதவு, இன்னொருவருக்குச் சிவப்பு. அவரவர் முன்பு வாழ்ந்த வீட்டின் கதவைப் படமெடுத்து, அதே அளவில் ஒட்டியிருக்கிறார்கள். டென்மார்க்குக்கு வந்த புதிதில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெயரை எழுதி ஒட்டினால் போதாதா என்று நினைத்தேன்.

அந்த இல்லத்துக்கு வரைபடம் போட்ட கட்டடக் கலைஞரான பிர்த்த என்ற பெண் ஒருநாள் எனக்கு விளங்கப்படுத்தினார். மூளைக்குள் கடற்குதிரை வடிவில் ஒரு சிறு பகுதி இருக்கிறதாம். எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதையெல்லாம் நினைவில் வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அது தளரும்போது சுவரும் வெளிச்சமும் ஜன்னலும்தான் வழிகாட்ட வேண்டும், இல்லாவிட்டால் மனிதர் தன் வீட்டுக்குள்ளேயே பயந்துபோவார் என்றார். எனக்கு, ஊரில் மீன்பிடிக்கும் என் வாப்பாவின் வலை நினைவுக்கு வந்தது. அதில் எப்போதாவது கடற்குதிரை அகப்பட்டால், உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

அந்த உற்சாகத்தில், எங்கள் ஊரான கண்டக்குழியில் நான் கட்டிய மாடி வீட்டைக் கைபேசியில் காட்டினேன். “ஹோட்டலா?” என்று பிர்த்த கேட்டார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, “இல்லை, என் தகப்பனின் வீடு” என்றேன்.

“கடல் எந்தப் பக்கம்?”

“பின்பக்கம்.”

“எந்த ஜன்னலால் பார்ப்பார்?”

கைபேசியைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

பழைய வீட்டின் வாசல் மேற்கே, கடலைப் பார்த்து இருந்தது. எங்கள் கரையில், தொழும் திசையான கிப்லாவும் கடலும் ஒரே பக்கம். வாப்பாவுக்குத் தொழத் திசைகாட்டி தேவைப்பட்டதில்லை. அலைச் சத்தம் வரும் பக்கமாகப் பாயை விரிப்பார். வெளிநாட்டில் உழைத்து வீடு கட்டும் எல்லோரையும் போல, நானும் றோட்டால் போகிறவர்கள் நின்று பார்க்கவேண்டும் என்று பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது வாசலைக் கிழக்கே திருப்பினேன். உப்புக் காற்றுக்குக் கம்பி துருப்பிடிக்கும் என்று மேற்கை முழுச் சுவராக அடைத்தேன். எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே முடிந்தது. வாப்பா கேட்டது ஒன்றே ஒன்று.

“மேக்கால ஒரு ஜன்னல் வைக்க ஏலாதா மகன்?”

“ஏசி போடுறம் வாப்பா. ஜன்னல் என்னத்துக்கு?”

அவர் திரும்பக் கேட்டிருந்தாலும் நான் வைத்திருக்க மாட்டேன்.

உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு வாப்பாவுக்கும் மறதி வந்தது. போன மாதம் தங்கச்சி றிஸ்னா அழுதுகொண்டு போன் எடுத்தாள். அண்ணனை எங்கள் ஊரில் நானா என்பார்கள். “நானா, வாப்பா இண்டைக்கும் பிரிஜ்ஜுப் பெட்டியப் பாத்துத் தொழுறாரு. நிலத்துல அம்புக்குறி போட்டும் பாத்தன், அத மிதிக்கப் பயந்து சுத்திப் போறாரு. பிள்ளைகள் சிரிக்கிதுகள்.” இங்கே அந்நியரின் தாய் தகப்பனைக் கைபிடித்து அவரவர் கதவுக்குக் கூட்டிப்போவது என் தொழில். என் வாப்பாவை அவர் வீட்டுக்குள்ளேயே தொலைத்தவனும் நான்தான். வெட்கமாக இருந்தது.

மேசனைப் பிடித்து மேற்குச் சுவரை உடைக்கச் சொன்னேன். அகலமான ஜன்னல் வைத்தார்கள். பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன கையோடு றிஸ்னா வீடியோவில் காட்டினாள். ஜன்னல் நிறையக் கடல். வாப்பா ஜன்னலடிக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

“இது ஆர்ட வீட்டுக் கடல் மகன்?”

“எங்கட தான் வாப்பா.”

“இல்ல. எங்கட கடல் வாசல்ல இரிக்கி.” பாயைக் கையில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தார். பிறகு என்னிடமே கேட்டார். “நீ எந்தப் பக்கம் பாத்துத் தொழுற?”

இங்கே டென்மார்க்கில் கிப்லா தென்கிழக்கு. சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்துத் தொழுது தொழுது பழகிவிட்டது. யோசிக்காமல் அந்தப் பக்கம் கையை நீட்டிவிட்டேன்.

“வாப்பா, அது இங்க…” என்று நான் தொடங்குவதற்குள், திரையில் என் கை காட்டிய பக்கமாக அவர் திரும்பிவிட்டார். பாயை விரித்து, மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நிம்மதியோடு தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார். புது ஜன்னலும் கடலும் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தன. நான் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.