லாரி கேட்டில் கவிழ்த்த நடுகல்

ஒரு நடுகல்லைக் கவிழ்த்து வடிகாலுக்கு மூடியாகப் போட்டவன் நான். அதைத் தேடி வந்தவரிடம், அப்படியொரு கல்லே இங்கே இருந்ததில்லை என்று சொன்னவனும் நான்தான். முதலாவதை இளமைத் திமிர் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்குச் சமாதானம் கிடையாது.

ஓசூருக்கு வெளியே கேழ்வரகு விளைந்த நிலத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை எழுந்துகொண்டிருந்தது. நான் சைட் இன்ஜினியர். மறுநாள் மெஷின் லாரி உள்ளே வர வேண்டும். கேட்டில் வடிகாலை மூட ஒரு ஸ்லாப் குறைந்தது. புதிதாக வார்த்தால், தண்ணீர் ஊற்றி இறுகவிடும் க்யூரிங்குக்கு நேரமில்லை. காம்பவுண்டுக்குள் புளியமரத்தடியில் கனமான பலகைக்கல் ஒன்று நின்றது. வாளேந்திய ஒருவன், பக்கத்தில் மாடுகள், மேலே சில வரி எழுத்து.

மேஸ்திரி முனிராஜ் தடுத்தார். "வேணாம் சார், இது வேடியப்பன் சாமி. வருசா வருசம் கர்நாடகாவுல ஆனேக்கல் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்து பொங்க வெக்குது."

"இனிமே கம்பெனிக்குள்ள அவங்கள யாருய்யா விடப்போறாங்க? கவுத்துப் போடு. முதுகு சமமா இருக்கு, டயருக்கு நல்லது."

"அப்போ நீங்களே கடப்பாரையைப் புடிங்க சார். நான் தொடமாட்டேன்."

பிடித்தேன். லாரி சுகமாக உள்ளே வந்தது. முதலாளி முதுகில் தட்டினார்.

சில மாதம் கழித்து, பானையும் சேவலுமாக ஒரு டெம்போ கேட்டில் நின்றது. இறங்கிய பெரியவர் தன் பெயர் சித்தப்பா என்றார்; உறவுமுறை அல்ல, கன்னடப் பெயர். பேச்சும் கன்னடம் கலந்த தமிழ்.

"சாமி, நம்ம வீரகல்லு இங்கதானே இருந்துச்சு?"

நான் அந்தக் கல்லின் மேல்தான் நின்றிருந்தேன். "இங்க எதுவும் இல்லைங்க. வேற எடமா இருக்கும்."

அவர் புளியமரத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "எடம் தப்பிட்டேனோ?" என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாள் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினார். டெம்போ திரும்பியது. பிறகு வரவேயில்லை.

ஓய்வுபெற்ற பின், அந்த வடிகாலை இடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கல்லைத் திருப்பச் சொன்னதும் புதிய மேனேஜரம்மா சிரித்தார். "ரிடயர் ஆயும் ட்ரைனேஜை விடமாட்டேங்கறீங்களே சார்!" விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அவரே கிரேனை வரவழைத்தார்.

சேறு கழுவியதும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. கல்வெட்டுப் படிக்கும் கல்லூரி ஆசிரியர் ஒருவர், பழைய கன்னடம் என்றார். இந்த ஊர் மாடுகளைத் திருடர்கள் ஓட்டிப்போனபோது, ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்து, மீட்டுக் கொடுத்துச் செத்தவனுக்கு இந்த ஊரார் நட்ட கல். நடுவில் மாநில எல்லை விழுந்தது. நம் ஊர் அவனை மறந்தது. அவன் வீட்டார் மட்டும் மறக்கவில்லை.

விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். சித்தப்பா இறந்துவிட்டிருந்தார். மகன் மஞ்சுநாத் பஞ்சர் கடை வைத்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கப்பாவுக்கு அதுக்கப்புறம் தன் மேலயே நம்பிக்கை போச்சு சார்," என்றான். "சந்தைக்குப் போனாலும் யாரையாவது கூட்டிட்டுத்தான் போவாரு. வழி தெரியாதவன்னு ஊரே கேலி பண்ணுச்சு. எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். அந்த அம்மாள் என்னைப் பார்க்காமல் மகனிடம் கேட்டார்: "சாவறவரைக்கும் அந்த மனுசனை நான் எவ்ளோ பேசியிருப்பேன்?"

கல்லை அவர்கள் ஊருக்கே அனுப்புவதாக மேனேஜரம்மாவும் நானும் சொன்னோம். அவன் செத்த இடத்தில்தான் கல் நிற்க வேண்டும் என்றார்கள். இப்போது கேட்டுக்கு வெளியே, எவர் அனுமதியும் வேண்டாத இடத்தில் நிற்கிறது. வருடந்தோறும் வருகிறார்கள். நானும் போகிறேன், விறகு சுமக்கிறேன்.

வேலையில் செய்த தவறைப் பெயர்த்து எடுத்துவிடலாம் என்பதை அங்கே கற்றேன். ஒருவரிடம் சொன்ன பொய் அப்படிப் பெயர்ந்து வருவதில்லை. பொங்கலை அந்த அம்மாள்தான் செக்யூரிட்டிக்கும் லாரி டிரைவர்களுக்கும் தன் கையால் பரிமாறுகிறார். என் இலை வரும்போது கரண்டியை மகனிடம் கொடுத்துவிட்டு நகர்கிறார்.